அழுத்தக் கூடாது

டவுன்ஹால் ரோட்டுக் கடையில்
கண்ணாடி அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தான் ஒரு பையன்.
"புது மாடல்க்கா. கம்பி தாழ்வா இருக்கும்,
தொட்டாப் போதும், வெண்ணெய்."
பையிலிருந்த குப்பியை எடுத்துச்
சுண்டுவிரலில் மாட்டி இழுத்தேன்.
கட்டகட்டகட்டவென்று
ஃபிரெட் ஒவ்வொன்றிலும் இடித்தது,
செல்லூர் பாலத்து இணைப்புகளில் ஷேர் ஆட்டோ போல.
பையன் குப்பியைப் பார்த்தான். கித்தாரைப் பார்த்தான்.
மெல்ல வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினான்.

கீழவெளி வீதியில், டிரம் செட்டுகளுக்குப் பின்னால்,
அமலதாஸிடம் ஒன்று மூன்று வருஷமாய் விற்காமல் நின்றது.
ஏதோ பாடகர் குழுவின் வேனில்
சித்திரை வெயில் முழுக்கக் குடித்து
கழுத்து முன்னால் வளைந்துபோனது.
"பொய் சொல்ல மாட்டேன் டீச்சர்"
(நான் டீச்சர் இல்லை)
"கம்பி தூக்கிக்கிச்சு. அழுத்துனா விரல் அறுந்துரும்."

பன்னிரண்டாம் ஃபிரெட்டில்
பத்து ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கி உள்ளே விட்டேன்.
உரசாமல் போனது.
முகத்தை வாடலாக வைத்துக்கொள்ளத்தான்
ரொம்பச் சிரமப்பட்டேன்.
ஒற்றைக் கண்ணை மூடிக் கழுத்து நெடுகப் பார்த்தேன்:
வளைவுதான், முறுக்கு இல்லை.
முறுக்கியிருந்தால் விட்டுவிட்டு வந்திருப்பேன்.
இரண்டாயிரத்து எண்ணூறு சொன்னவர்
தானாகவே ஆயிரத்து நானூறுக்கு இறங்கினார்.
ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தேன். என்னமோ போல் இருந்தது.

குப்பி, கோரிப்பாளையத்தில்
எங்கள் லேப் குப்பைக்குப் போகவிருந்தது.
நூலை ஸ்பிரிட்டில் நனைத்துச் சுற்றிக்
கொளுத்தித் தண்ணீரில் முக்கினால்
அடி தனியே கழன்றுவிடும் என்றாள் ரஜப்நிஷா.
இரண்டு நொறுங்கின. மூன்றாவது சொன்ன பேச்சைக் கேட்டது.
விளிம்பை உப்புத்தாளில் தேய்க்க
அரைநாள் லீவு.

தலைமாட்டில் நட் இன்னும் தாழ்வு.
அடியில் கொடுக்கப்
பழைய எக்ஸ்ரே பிலிமை வெட்டி மூன்றாய் மடித்தேன்.
யாரோ ஒருவரின் இடது முழங்கால்.
பணம் கட்டிவிட்டுப் படத்தை வாங்க வராமலே போனவர்.
முதல் கம்பி பதிமூன்று, ஆறாவது ஐம்பத்தாறு.
மெலிந்த கம்பி கண்ணாடியின் கனம் தாங்காது.
நான்கை இறக்கினேன், இரண்டை அப்படியே விட்டேன்.
இடது கை மடியில் கிடக்க
வலது கை ஒருமுறை வருடியதும்
அறை நிறைந்து நின்றது.

பகலெல்லாம் நான் செய்வதும் இதுதான்.
ஸ்லைடு மேல் ஒரு சொட்டு ரத்தம்,
இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துத் தொட்டு
ஒரே இழுப்பு.
அழுத்தினால் அணு நசுங்கும்.
தயங்கினால் கோடு விழும்.

நகக்கண்ணில் லீஷ்மன் நீலம் போகாமலே
ராத்திரி மொட்டைமாடி அறையில் குப்பியை மாட்டுகிறேன்.
ஃபிரெட்டுக்குப் பின்னால் அல்ல, நேர் மேலே.
பின்னால் வரும் விரல்கள் கம்பியைச் சும்மா தொட்டபடி வரவேண்டும்.
இல்லையென்றால்
போன சத்தமெல்லாம் திரும்பி வந்து பேசும்.

முதல் கம்பியில்
மூன்றில் நின்றால் ஒரு பதில்,
நான்கில் நின்றால் வேறொரு பதில்.
நடுவே வெறும் மரம்.
எனக்கு வேண்டியது அங்கேதான்,
அதுவும் தினம் ஒரு மயிரிழை தள்ளி.

கீழ்வீட்டுச் சுருளிவேல் படியேறி வந்தார்.
விடியுமுன் மாட்டுத்தாவணி சவாரி அவருக்கு.
"அது எங்கயோ இடையிலயே நிக்குதுல்ல?"
"ஆமாண்ணே."
"ஒண்ணு ஏறணும், இல்ல இறங்கணும்.
இப்பிடி நின்னா எப்பிடித் தூங்குறது?"

நான்கில் ஏற்றிக் காட்டினேன்.
மூன்றுக்கு இறக்கிக் காட்டினேன்.
தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றார்.
"மொதல்ல வாசிச்சதே பரவாயில்ல"
என்று இறங்கிப் போனார்.

அதற்குள் அறைச் சூட்டில்
ஐந்தாம் கம்பி தளர்ந்திருந்தது.